அப்பா உங்களைக் கடைசியாகத் தூக்கியது ஞாபகம் இருக்கிறதா?

சாத்தூர்வெயில்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 43 வயது. சென்னையில் வேலை, ஒரே பையன், எட்டு வயது. அவன் என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். போன வாரம் ஒரு ராத்திரி, கனக்கிறதே என்று அந்தக் காலை மெதுவாக எடுத்துத் தள்ளி வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "உங்கப்பா உங்களை இப்படிப் பக்கத்துல படுக்க வெச்சிருக்காரா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா என்னைத் தூக்கியதாக, மடியில் வைத்ததாக, முத்தம் கொடுத்ததாக ஒரு காட்சிகூட மனதில் இல்லை. இருப்பதெல்லாம் இவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடிப்பார், உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டை, சந்தையில் ஆட்டுக்குட்டியின் காலைப் பிடிக்கிற மாதிரி. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் விட்டுவிடுவார். முடிவெட்டும் கடையில் நான் நெளிந்தால் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்துவார். காய்ச்சல் என்றால் புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். தீர்ந்தது.

கெட்டவர் இல்லை. ஒரு நாள்கூட அடித்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். தாத்தா, அப்பத்தா, சித்தப்பா குடும்பம் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். இதில் என்னை நெருடுவது ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சித்தப்பா மகனை அப்பா தூக்கி வைத்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் அவன் எங்கள் அப்பா தோளில் உட்கார்ந்திருப்பான், நான் சித்தப்பா தோளில். அங்கிருந்து அப்பாவின் வழுக்கையை எட்டித் தொடப் பார்த்திருக்கிறேன். ஏன் அவன், ஏன் நான் இல்லை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இந்த வயதில் தோன்றுகிறது.

உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? முக்கியமாக அப்பாவைப் பற்றி. அம்மா என்றால் எல்லோருக்கும் ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன், அதையும் சொல்லலாம். அப்பாவுக்கு இப்போது 74. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வேலை செய்வதில்லை.

தறிச்சத்தம்:

உங்களுக்கு மணிக்கட்டு, எனக்கு உள்ளங்கால். எங்கள் அப்பா பவர்லூமில் 12 மணி நேர ஷிப்ட். குமாரபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். நைட் முடிந்து காலையில் வந்து பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துவிடுவார். "டேய், ஏறுங்கடா." நானும் அண்ணனும் ஆளுக்கொரு காலாக மிதிக்க வேண்டும். தொடையில் ஆரம்பித்து கெண்டைக்காலுக்கு இறங்கி, பிறகு முதுகு. முதுகுக்கு மட்டும் நான், எடை குறைவு என்பதால். விழாமல் இருக்க சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கெண்டைக்காலில் சதை வழுக்கி நழுவும், நாங்கள் சிரிப்போம், அவர் தலையணைக்குள்ளேயே "ம், ம், அங்கதான்" என்பார். பஞ்சுத் தூசும் எந்திர எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்த முதுகில் இருக்கும். முடிந்ததும் ஆளுக்கு 25 பைசா.

அவர் எங்களைத் தொட்டதாக எனக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் நாங்கள் அவரைத் தொட்டோம், அதுவும் காலால்! வேறு யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டிய வீடு. பத்து வயது தாண்டியதும் "கனமாயிட்டே, இறங்கு" என்று சொல்லிவிட்டார். 25 பைசா போனதே என்றுதான் அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

காவிரிக்கரைக்காரி:

அம்மாக்களைப் பற்றியும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது, சார். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்து அம்மா அடிக்கும் அடி தெருக்கோடி வரை கேட்கும். பிறகு சீயக்காய், கண் எரிச்சல், "திறக்காதே திறக்காதே" என்ற கத்தல். ஞாயிற்றுக்கிழமை பேன் சீப்பு. முழங்காலுக்கு நடுவில் என் தலையை இடுக்கிக்கொண்டு, ஆடினால் நடுமண்டையில் ஒரு குட்டு. அம்மா என்னை வருடியது என்று ஒன்று கிடையாது. துலக்கினாள், தேய்த்தாள், சிக்கெடுத்தாள், விக்ஸ் தடவினாள். அடுக்களைப் பாத்திரங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே கவனிப்பு. (கோபத்தில் சொல்லவில்லை, இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. மாமியார் வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய் வைத்துவிட ஒரு கை இல்லாமல் நானே வைத்துக்கொண்டபோது சிரிப்பு வரவில்லை.)

அப்பா வேறு மாதிரி. பஸ்ஸில் ஜன்னலோரம் மடியில் உட்கார வைத்துக்கொள்வார், காதுக்குள் "ஊ" என்று ஊதுவார், சாப்பிடும்போது தட்டில் இருந்து ஒரு வாய் உருட்டி ஊட்டுவார். எனக்கு 13 வயதில் அது நடந்தது. மூன்று நாள் தனியாக உட்கார வைத்தார்கள், மஞ்சள் நீர், புட்டு, உறவுக்காரர்கள், எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அப்பா என்னைத் தொடவே இல்லை. யாரும் அவரிடம் தொடாதே என்று சொன்னதாகத் தெரியவில்லை. காபி டம்ளரைக் கொடுத்தால்கூட நான் மேஜையில் வைத்த பிறகு எடுத்துக்கொள்வார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றே இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். எனக்கு அப்போது 26. புடவை, மாலை, நகை எல்லாம் சேர்ந்து நல்ல கனம். உட்கார்ந்ததும் அப்பாவின் கால் நடுங்குவது தெரிந்தது. கெட்டிமேளச் சத்தத்தில் காதருகே ஏதோ சொன்னார், இன்று வரை என்ன சொன்னார் என்று தெரியாது. நான் கேட்டதும் இல்லை. வீடியோவில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிகிறது.

நாட்டுச்சர்க்கரை:

தப்பாக நினைக்க வேண்டாம், இதெல்லாம் வேலையில்லாத கவலை. கட்டிப்பிடிப்பதும் முத்தம் கொடுப்பதும் வெள்ளைக்காரன் பழக்கம், டிவி பார்த்து வந்தது. எங்கள் அப்பா ஒரு நாளும் கட்டிப்பிடித்ததில்லை, ஆனால் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார், கடைசியில் வீடும் கட்டிக் கொடுத்தார். பாசம் என்றால் அதுதான். தப்பு செய்தால் விளாசுவார், ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு வந்து போர்வையை இழுத்து விடுவார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பெயர் வேண்டாம்:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மேலே இருக்கும் அந்தப் பழமொழிக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அடிக்கிற கை அடித்தது. அவ்வளவுதான், அணைக்கவெல்லாம் வரவில்லை. பெல்ட், மோட்டார் ஒயர், கையில் கிடைத்தது எது என்றாலும். அவர் வெளியே போன பிறகு அம்மா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து வீங்கிய இடத்தில் தடவுவாள். ஒன்றும் பேச மாட்டாள், தடவுவாள். அம்மா என்னைத் தொடும் ஒரே நேரம் அதுதான் என்பதால், எண்ணெய்க்காக அடி பரவாயில்லை என்று நினைத்த நாட்கள் உண்டு. அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது. ஒரு பிள்ளை போடுகிற கணக்கா இது?

இன்றைக்கும் வீட்டுக்காரர் பரணில் இருந்து எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால் என் தோள் தானாகக் குறுகும். அவருக்குத் தெரியும், அதனால் "கையைத் தூக்கப் போறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தூக்குவார். பழமொழி சொன்னவர் மேல் கோபம் இல்லை. உங்கள் அப்பா போர்வையை இழுத்து விட்டார், நல்லது. எல்லா வீட்டுக்கும் அந்தப் பழமொழியைக் கொடுக்காதீர்கள்.

சாத்தூர்வெயில்:

அம்மா, உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை எழுதி அழித்தேன். எழுதியதற்கு நன்றி. அடிக்காத அப்பாவை வைத்துக்கொண்டு புலம்புகிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

கொக்குவில்_மழை:

அண்ணா, கூச்சப்படாதேங்கோ. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப டொரண்டோவில், ஸ்காபரோ பக்கம் இருக்கிறேன். முதலில் ஒரு சொல் பற்றி: உங்கள் ஊரில் கொஞ்சுவது என்றால் செல்லமாகப் பேசுவது என்று இங்கே வந்த பிறகுதான் தமிழ்நாட்டுச் சிநேகிதி ஒருத்தி சொல்லித் தெரியும். எங்கள் ஊரில் கொஞ்சுவது என்றால் முத்தம் கொடுப்பது. "அம்மம்மாவைக் கொஞ்சிப்போட்டு வா" என்பார்கள். ஆனால் அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிழவிகளுக்கும்தான். அப்பா கொஞ்சினதாக எனக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் ஒரு இரவு இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30. எனக்கு ஏழு வயது. சண்டை நெருங்கினபடியால், யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமப் பகுதியை விட்டு எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கான சனம், அந்தப் பக்கம் இருக்கிற தென்மராட்சிக்குப் போக எங்களுக்கு நாவற்குழிப் பாலம்தான் வழி. மழை. சைக்கிள் பாரில் என்னை இருத்தி, பின்னால் கேரியரில் உடுப்பு மூட்டையும் அரிசியும் கட்டி, அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை என் தலையில். சனம் நெருக்கினபடியால் நாலு அடி நகர ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரவு முழுக்க அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. கை மரத்துப்போயிருக்கும், இப்ப விளங்குகிறது. மழைத்தண்ணி அவருடைய விரல்களுக்குள்ளால் ஒழுகி என் நெற்றியில் இறங்கினது இன்றைக்கும் தெரியும். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்தபோது தலை திடீரென்று இலேசாகிப்போன மாதிரி இருந்தது, நித்திரை வரவில்லை.

இப்ப அவருக்கு பேரப்பிள்ளைகள். இங்கே பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் "அப்பப்பா, ஹக்" என்று கையை விரித்துக்கொண்டு ஓடுவார்கள். அவர் கோயிலில் விபூதி வாங்கக் குனிகிற மாதிரி இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் முன்னால் நீட்டுவார். பிள்ளைகள் தலையைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விடும்.

வார்டு_அக்கா:

19 வருஷமாகப் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். சாத்தூர்க்காரருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், யாருமே அதைச் சொல்லவில்லை.

பெரியவர்கள் பெரும்பாலும் மூன்று வயதுக்கு முந்தைய எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. மறதி நோயெல்லாம் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனுஷனை வாழ்க்கையில் அதிகமாகத் தூக்குவது எந்த வயதில்? அந்த மூன்று வருஷத்தில்தான். நமக்கு ஞாபகம் என்று ஒன்று பிடிபடும்போது நாம் நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, "கீழே இறங்கு, கனக்குறே" கட்டத்துக்கு வந்துவிட்டோம். ஞாபகம் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்று ஆகாது. நடந்தது என்றும் நான் சொல்ல முடியாது, அது உங்கள் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுப் பாருங்கள், கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே.

எங்கள் வார்டில் எடை குறைந்த குழந்தைகளுக்குக் கங்காரு முறை என்று ஒன்று செய்கிறோம். 1978-இல் கொலம்பியாவில் பொகோடா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது. குழந்தையை வெற்று மார்பில், தோலோடு தோல் படும்படி படுக்க வைத்துக் கட்டிவிடுவது. சூடு தங்கும், மூச்சு சீராகும், எடை ஏறும். அம்மாவுக்கு முடியாதபோது அப்பாவைக் கூப்பிடுவோம். சட்டையைக் கழற்றுங்கள் என்றால் அந்த ஆட்கள் படும் வெட்கம் இருக்கிறதே! "சிஸ்டர், திரையை நல்லா இழுத்து விடுங்க, எங்க மாமனார் வெளியே நிக்கிறாரு" என்று ஒருவர். ஒன்றே முக்கால் கிலோ குழந்தையை மார்பில் வைத்ததும் பத்து நிமிஷம் மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் குழந்தைக்கு இது எதுவும் நினைவிருக்கப் போவதில்லை.

இன்னொன்று. ரோமம் உள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால் அவை நன்றாக வேலை செய்யும், வேகமாகத் தேய்த்தால் அவ்வளவு இல்லை. யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் குழந்தையை ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் தடவுகிறார்கள். காவிரிக்கரை அம்மா சொன்ன பேன் சீப்பு இந்தக் கணக்கில் சேராது என்று நினைக்கிறேன்!

வெள்ளைக்காரன் பழக்கம் என்று சொன்ன சர்க்கரைக்கு: 1928-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற பெரிய உளவியல் அறிஞர் பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று பெற்றோர்களுக்குப் புத்தகமே எழுதினார். மிஞ்சிப்போனால், தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம் என்று சலுகை. முப்பது வருஷம் கழித்து அதே நாட்டில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியில் ஒரு தாய், மெத்தென்ற துணி சுற்றி ஒரு தாய் என்று பொம்மை செய்து வைத்தார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தாலும், குட்டிகள் குடித்துவிட்டு ஓடிவந்து துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. பாவம் அந்தக் குட்டிகள், அவற்றின் அம்மாவிடம் இருந்து பிரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். வீடு கட்டிக் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, தம்பி.

நாட்டுச்சர்க்கரை:

சரி அக்கா. அந்த அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

சுண்ணாம்புக்கட்டி:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். நர்ஸ் அம்மா சொன்னதைப் படித்ததும் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. பத்துப் பருவங்களில் ஐந்தாவது முத்தப் பருவம். குழந்தையிடம் "முத்தம் தா" என்று தாய் கெஞ்சும் இடம். இலக்கணப்படி அது 11ஆம் மாதத்துக்கு உரியது. முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், அந்த வயதுக் குழந்தை இதையெல்லாம் மறந்துவிடுமே என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. குறளிலும் "மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்" என்று 65ஆம் பாட்டு. யாருடைய உடலுக்கு? பெற்றவர் உடலுக்கு. தொடப்பட்ட பிள்ளைக்கு எப்படி இருந்தது என்று அந்த அதிகாரத்தில் சொல்லவில்லை.

உச்சி முகர்வது என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. முத்தம்கூட அல்ல, குழந்தையின் உச்சந்தலையை மோந்து பார்ப்பது. என் மகனுக்கு வயது 38, வழுக்கை விழுந்துவிட்டது, அதனால் நான் முயலவில்லை.

சாத்தூர்வெயில்:

எல்லோருக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுத முடியவில்லை. வார்டு அக்கா சொன்னதற்காக விருதுநகர் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் கூடப்பிறந்தவர், 70 வயது. அப்பா என்னைத் தூக்கியிருக்கிறாரா என்று கேட்டால் அத்தை சிரிக்கிறார்.

"ஏலே, உங்க தாத்தா இருக்கும்போது உங்கப்பன் உன்னைத் தூக்கிர முடியுமா? பெத்தவன் பெரியவங்க முன்னால தம்பிள்ளையக் கொஞ்சுனா ஊரு சிரிக்கும்லா. அதுக்குத்தான் அண்ணனும் தம்பியும் மாத்திக்கிட்டானுவ. அவன் பிள்ளைய இவன் தூக்குவான், இவன் பிள்ளைய அவன் தூக்குவான்."

மாத்திக்கிட்டானுவ! நாற்பது வருஷமாக நான் ஓரவஞ்சனை என்று மனதுக்குள் வைத்திருந்தது அந்த வீட்டின் வழக்கம். அத்தை இன்னொன்றும் சொன்னார். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது ராத்திரி புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். அங்கே அப்பா மல்லாந்து படுத்திருக்க, நான் அவர் நெஞ்சில் குப்புறக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தேனாம். அத்தையைப் பார்த்ததும் அப்பா பதறி என்னைப் பாயில் இறக்கி விட்டாராம், பீடி பிடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. எனக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும் என்கிறார்.

தறிச்சத்தம், இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் 25 பைசாதான் ஞாபகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அத்தை சொன்னதை அப்பாவிடம் சொல்லவில்லை, அவரும் நான் ஏன் திடீரென்று வந்தேன் என்று கேட்கவில்லை. வலது கையில் நகம் வளர்ந்து கிடந்தது. இடது கையால் வெட்டிக்கொள்ள வரவில்லை போல, அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ எதுக்கு, வேண்டாம்" என்று கையை இழுத்துக்கொண்டார். விரல்கள் நடுங்குவதால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் வெட்ட முடிகிறது. பிடித்துக்கொண்டேன். "ஒட்ட வெட்டாதே" என்றார். ஐந்து விரலும் முடிந்தது. அப்புறம் அவராகவே இடது கையையும் நீட்டினார், அதில் வெட்டுவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் வெட்டினேன். கால் நகத்தை அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.